செத்துச் செத்து விளையாடுகிறவன்

பனச்சமூட்டுச் சந்தையில் ஒரு காலைக் கேரளத்திலும் மறு காலைத் தமிழ்நாட்டிலும் ஊன்றிக்கொண்டு மத்திக்கு விலை பேசலாம் என்பது வெளியூர்க்காரர்களிடம் சொல்லிக்கொள்ளும் பெருமை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு ஒரு பக்கமும் நெய்யாற்றின்கரை மறு பக்கமுமாகப் பிரிந்ததிலிருந்து ஊர் இப்படித்தான் காலை அகட்டிக்கொண்டு நிற்கிறது. இந்தப் பெருமையைச் சட்டைசெய்யாத ஓர் இனம் அங்கே உண்டு. பூட்டிக் கிடக்கும் கடைத் திண்ணையில் நாலைந்து பேராக ஒட்டி உட்கார்ந்து, கழுத்தை ஒரே கோணத்தில் மடக்கி, இரண்டு கட்டைவிரலாலும் போனைத் தேய்த்துக்கொண்டிருக்கும். திடீரென்று ஒருவன் "லேய், எனக்கப் பின்னால நிக்கது ஆருடே?" என்று அலறுவான். உண்மையில் பின்னால் நிற்பவர் மரச்சீனிச் சாக்கை இறக்கி வைக்க இடம் தேடும் ஒரு பாட்டா. அவர் பதறிப்போய் நாலடி தள்ளி நிற்பார். நின்ற இடம் வேறு மாநிலமாகக்கூட இருக்கலாம். அலறியவனோ இரண்டையும் கவனித்திருக்க மாட்டான். இவன்தான் மினி மிலிஷியாக்காரன். டூடுல் ஆர்மி என்ற விளையாட்டின் இரண்டாம் பாகம் அது. ஆப்சோம்னியாக்ஸ் என்ற நிறுவனம் முதலில் ஐபோனுக்கும் பிறகு ஆண்ட்ராய்டுக்கும் கொண்டுவந்தது. அதன் முழுப்பெயரை இந்த இனத்தில் யாரும் சொல்லிக் கேட்க முடியாது. 'மினி' போதும்.

ஏன் இதன்மேல் இத்தனை உயிர் என்று கேட்டால் "ஸ்பீடு அண்ணா, செம ஸ்பீடு" என்பான். நம்பக் கூடாது. ரசிகன் தன் பிரியத்துக்குச் சொல்லும் காரணம், மாப்பிள்ளை வீட்டார் பெண் பிடித்ததற்குச் சொல்லும் காரணத்தைப் போன்றது: முதலில் வாயில் வருவது. வேகமான விளையாட்டுகள் போனில் கொட்டிக் கிடக்கின்றன. இது அப்படியென்ன? நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பையன் கிறுக்கினாற்போல ஓர் உருண்டைத் தலைச் சிப்பாய். காலில் ராக்கெட் பூட்ஸ். எரிபொருள் இருக்கும்வரை பறப்பான். தீர்ந்தால் தொப்பென்று விழுவான். கொஞ்சம் ஓய்ந்தால் மறுபடி நிரம்பும். கையில் துப்பாக்கி, தவறினால் குண்டு, அதுவும் தவறினால் முஷ்டி. செத்தால் சில நொடிகளில் எங்கோ ஒரு மூலையில் புத்தம்புதிதாக முளைப்பான். அவன் மயங்கிக் கிடப்பது இந்தக் கடைசி வசதியில்தான். சாவு மலிவு, கொல்பவனோ கை நீட்டினால் தலையில் குட்டக்கூடிய தூரத்தில் இருக்கிறான். இந்த இரண்டும் ஒன்றாக வாய்த்ததால்தான் ஊர் இதைப் பிடித்துக்கொண்டது. இது புது ருசியும் இல்லை. கபடியில் தொடப்பட்டவன் வெளியே போய் உட்கார்வான், தன் அணி ஒருவனைப் பிடித்ததும் சாம்பலிலிருந்து எழுந்தவன் மாதிரி உள்ளே ஓடி வருவான். ஊர்க்கபடியைப் பார்க்கிறவர்கள் அதிகம் சிரிப்பது அந்த உயிர்த்தெழுதலைப் பார்த்துத்தான்.

பனச்சமூட்டுக்காரனுக்குக் கிடைக்கும் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அது முழுத் துணியாகக் கிடைப்பதில்லை, வெட்டுத்துண்டாகவே கிடைக்கிறது. விடியுமுன் ரப்பர் பால் வெட்டினால், சிரட்டையில் பால் வடிந்து நிற்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை மரத்தை அவசரப்படுத்த முடியாது. பஸ்ஸையும் முடியாது. கடையில் ஆள் வரும்வரை, டியூஷன் சார் குளித்து வரும்வரை, கல்யாண வீட்டில் அடுத்த பந்தி கூப்பிடும்வரை என்று நாள் முழுக்கச் சிறு சிறு காத்திருப்புகள். இந்தத் துண்டுகளில் வைத்துத் தைக்க ஐந்து நிமிட ஆட்டம் அளவாகப் பொருந்துகிறது. எல்லையின் கேரளப் பக்கத்தில் லாட்டரிச் சீட்டு வாங்கிவரும் மாமன்மாரோடு ஒப்பிட்டால் இது விளங்கும். தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரிக்குத் தடை வந்ததிலிருந்து அவர்களுக்கு நாலு எட்டு நடை கூடியிருக்கிறது. காலையில் சீட்டு வாங்கி, பிற்பகல்வரை கோடீஸ்வரனாக வாழ்ந்து, குலுக்கல் முடிந்ததும் ஒரே ஒருமுறை சாவார்கள். மருமகன் அதே நேரத்துக்குள் அறுபது முறை செத்திருப்பான், ஒன்றுக்கும் துக்கம் இருக்காது. அதே 2003-இல் ஜப்பானில் நின்டெண்டோ வேரியோவேர் என்ற விசித்திரத்தை வெளியிட்டது: இருநூறுக்கும் மேற்பட்ட குட்டி விளையாட்டுகள், ஒவ்வொன்றும் சில நொடிகள், அதில் ஒன்று மூக்குக்குள் விரலைச் சரியாக நுழைப்பது. உலகமெங்கும் அதற்கும் வெறியர்கள் உண்டு. துண்டு நேரத்தின் சுகத்தைக் கண்டுபிடித்த பெருமையை ஜப்பானியருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அதில் தோற்றவனைப் பார்த்து மூக்கு சிரிக்காது. திண்ணையில் நாலு பேர் சிரிப்பார்கள்.

நாலு பேரையும் சேர்த்துவைப்பவன் ஹாட்ஸ்பாட்காரன். மலிவு டேட்டா வருவதற்கு முன்பே இந்த விளையாட்டு ஊரைப் பிடித்ததற்குக் காரணமே அதுதான்: இன்டர்நெட் வேண்டாம், ஒருவன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் மற்றவர்கள் ஒட்டிக்கொள்ளலாம், பன்னிரண்டு பேர்வரை. பதினொருவர் அணியும் ஓர் அம்பயரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடும் பள்ளமும் ரப்பர் மரமுமாகக் கிடக்கும் ஊரில் சமதளமான மைதானம் தேடி அலைய வேண்டாம். அலை பரவும் இருபது முப்பது அடியே மைதானம். விளையாட்டையும் ஷேர்இட் வழியாக ஒருவனிடமிருந்து ஒருவன் வாங்கிக்கொண்டான், உறைமோர் இரவல் வாங்குவதுபோல. ஹாட்ஸ்பாட்காரனுக்குப் பேட்டரி சீக்கிரம் தீரும், போன் கையைச் சுடும். ஆனாலும் அந்தப் பதவியை விட்டுத்தர மாட்டான். யார் உள்ளே, யார் வெளியே என்பது அவன் விரல்நுனியில். கொஞ்சநேரம் பொறுக்க முடியாமல் ஒருவன் "மக்கா, கனெக்ட் ஆவல்ல" என்று கெஞ்சும்போது அவன் முகத்தில் படரும் நிதானத்தைத் தாலுகா ஆபீஸ் கவுன்டரில் மட்டுமே பார்க்க முடியும்.

அந்தப் பதவியின் மகிமை தெரிவது சாகாவரம் பெற்றவன் வரும்போதுதான். எங்கிருந்தோ ஒரு திருட்டுப் பதிப்பை இறக்கி வருவான். அதில் உயிர் குறையாது, எரிபொருள் தீராது, சுவருக்குள் நுழைந்து மறுபக்கம் வரலாம். வேகம்தான் ரசிகனுக்கு வேண்டியது என்றால் இந்தப் பதிப்பைத் திண்ணை கொண்டாடியிருக்க வேண்டும். எல்லாம் அதில்தான் இன்னும் வேகம். நடப்பதோ நேர் எதிர். இரண்டே நிமிடத்தில் "லேய், இவன் சாவல்ல பாத்தியா" என்று முணுமுணுப்பு எழும். மூன்றாவது நிமிடத்தில் யாரும் அவனைச் சுடுவதில்லை. இரணியன் கேட்ட வரத்தில் உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது என்றெல்லாம் எத்தனையோ கட்டுக்காவல் இருந்தும் தூணை மறந்துபோனானே, அதைப்போல இவனும் ஹாட்ஸ்பாட்டை மறந்துபோகிறான். ஹாட்ஸ்பாட்காரன் ஒன்றும் பேசாமல் ஒரு பொத்தானை அமுக்குவான், நரசிம்மம் இறங்கிவிடும். மறுபடி அறை திறக்கும்போது அந்தப் பையனுக்கு இடம் இருக்காது. சாகத் தெரியாதவனோடு யாருக்கும் விளையாடப் பிடிக்கவில்லை என்பதைவிட என் கட்சிக்கு நல்ல சாட்சி கிடைக்காது.

2018-இல் பப்ஜி வந்ததும் இந்தக் கூட்டம் கலைந்துபோகவில்லையா, அப்புறம் என்ன பெரிய காதல் என்று கேட்கலாம். கலைந்தது உண்மை. நூறு பேர் குதிக்கும் தீவு, அசல் மாதிரியே புல், அசல் மாதிரியே வெயில். கிறுக்கல் பொம்மை எங்கே நிற்கும்? ஆனால் பப்ஜியில் இரண்டாவது நிமிடம் செத்தவன் என்ன செய்தான் என்று பாருங்கள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, இருபது நிமிடம் நண்பன் விளையாடுவதைத் தேர்வில் தோற்றவன் ரிசல்ட் பலகையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். கொன்றவன் யாரென்றே தெரியாது, திட்டினாலும் கேட்காது. அரசு அதை 2020 செப்டம்பரில் தடை செய்தபோது அழுதவர்கள் உண்டு, ஆனால் திண்ணை அழவில்லை. அது ஏற்கெனவே காலியாகத்தான் கிடந்தது. இன்னொரு கட்சி, இவர்கள் நேசிப்பது விளையாட்டை இல்லை, பிளஸ் டூ வயதை என்று சொல்லும். பாதி உண்மை. ஆனால் அதே வயதில் டெம்பிள் ரன்னும் கேண்டி கிரஷ்ஷும் இதே விரல்கள்தான் தேய்த்தன. அவற்றின் பெயரைச் சொன்னால் "ஆமா, இருந்துது" என்பான். மினி என்றால் யார் யாரை எத்தனை முறை கொன்றான் என்று பத்து வருஷத்துக் கணக்கு ஒப்பிப்பான். எந்நேரமும் சுடுவதும் கொல்வதும்தானா என்று அம்மைமார் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் சண்டை முடிந்ததும் கொன்றவனே செத்தவனுக்குச் சாயா வாங்கித் தருகிற போரை வேறெங்கும் காட்ட முடியுமா?

பாஷைப் பிரச்சினையும் அந்தத் திண்ணையில் தானாகவே தீர்ந்துவிட்டது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், பாட்டாவிடம் இரண்டும் கலந்தது என்று வளர்ந்த பையன்கள். குறிபார்க்கும்போது தமிழில் நிதானமாகத் திட்டமிடுவான், குண்டு பட்டதும் மலையாளத்தில் அலறுவான், ஆட்டத்தை விட்டு எழச்சொல்லி வீட்டிலிருந்து போன் வந்தால் எந்த மொழியும் புரியாது.

இப்போது அவர்களில் பலர் வளைகுடாவில் இருக்கிறார்கள். லீவில் வருகிறவன் பெட்டி நிறைய சாக்லேட்டும் புதுப் போனுமாக வருவான். அந்தப் புதுப் போன் பழைய பதிப்பை ஏற்க மறுக்கும். அதனால் அலமாரியின் அடித்தட்டில், ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும் கீழே, திரையில் சிலந்திவலை விழுந்த ஒரு பழைய போன் உயிரோடு வைக்கப்பட்டிருக்கும். பேட்டரி ஊதி முதுகு மூடி லேசாகத் தூக்கி நிற்கும். சார்ஜரை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பிடித்தால் மட்டும் ஏறும். அன்று சாயங்காலம் திண்ணைப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் தங்கள் போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் 'செத்தான் சேகரன்' என்றொரு பெயர் மேலே வந்து நிற்கும். கடவுச்சொல் 12345678. பத்து வருஷமாக யாரும் மாற்றவில்லை.