மறுகால் எங்கடே பாயுது?

வா, ராசா. மெட்ராஸ்ல வீடு பாத்துட்டியாமே! ஒங்க அம்மை தெரு முழுக்கச் சொல்லி முடிச்சிட்டா. எங்க, பில்டர் குடுத்த அந்த வழவழப் புஸ்தகத்தக் காட்டு. ஆகா! நீச்சல்குளம், ஈச்சமரம், மாடியில ஒரு வெள்ளக்காரி காப்பி குடிக்கா. அவளும் சேத்தியாடே வெலையில?

நம்ம ஊருக்கு ஆடி, ஆவணியில கேரளாக்காரன் கார் போட்டு வாரான்லா. சூரியகாந்திக்குள்ள நின்னு போட்டோ எடுத்துட்டு, "இங்க எடம் கெடைக்குமா தாத்தா"ன்னு கேக்கான். மார்கழியில வந்து பாக்கச் சொல்லணும் அவன. 2005ல வந்த 'அந்நியன்' படத்துக்கு நம்மூர்ப் பாறை மேல நடிகர் மூஞ்சியா வரைஞ்சிட்டுப் போனாங்க. மூஞ்சி வரைஞ்சாலும் பாறை பாறைதான். ஒன் புஸ்தகமும் அந்த ரகம்.

1200 சதுர அடின்னானாக்கும். உள்ள பாய் விரிச்சு அளந்தா 850. மிச்சம் எங்கன்னா படிக்கட்டு, லிப்ட்டு, வராந்தாவாம். ஆடு வாங்கப் போனா, கட்டுன முளையையும் மேச்ச பய கம்பையும் சேத்துல்லா எட போட்டிருக்கான்! கேட்டா 'சூப்பர் பில்ட்டப்'ம்பான். நீயும் சூப்பர்னு தலைய ஆட்டிருப்ப. கார்ப்பெட் ஏரியாவச் சொல்லித்தான் விக்கணும்னு 2016லயே ரெரா சட்டம் வந்துட்டு. ஒப்பந்தத்தப் பதியாம பத்துல ஒரு பங்குக்கு மேல வாங்கப்படாதுன்னும் அதுல இருக்கு. போன்ல ஊரு வம்பெல்லாம் பாக்குத, அந்த ரெரா பதிவு நம்பரையும் தட்டிப் பாரேன்.

சரி, மண்ணு எத்தன? பிரிக்காத பங்கு, அதான் யூடிஎஸ், 480 அடியா. ஒரு சென்ட்டுக்கு 435 சொச்சம். ஒண்ணேகால் சென்ட்டும் தேறல. அதுவும் எந்த மூலைன்னு கைகாட்ட முடியாது. நம்ம தொழு இதவிடப் பெருசு. சிரிக்காதடே. கட்டடம் கெழடாகும், மண்ணு ஆகாது. நாளைக்கு இடிச்சுக் கட்டுதப்ப அந்த 480தான் பேசும்.

பேங்க்ல கடன் தாரான், அதனால பத்திரம் சரின்னுதானே நெனைக்க? அவன் பாக்கது அவன் கடனுக்கு, ஒனக்காகவாடே?

எந்தப் பக்கம்? வேளச்சேரியா. ஏரி பக்கத்துல இருக்கு, காத்து வருமாக்கும். காத்து மட்டுமாடே வரும்? 2015 டிசம்பர்ல அங்கன தெருவுல படகு போனத இதே திண்ணையில இருந்து டிவியில பாத்து உச்சுக்கொட்டுனியே. குளம் பெருகுனா மறுகால் எங்கிட்டு பாயும்னு நம்மூர் சின்னப் பயலுக்குக்கூடத் தெரியும். அங்க அதுக்குக் கலங்கல்னு பேரு. புரோக்கர்ட்ட கேளு, முழிப்பான். டீக்கடையில இருக்க கெழவர்ட்ட கேளு, கை நீட்டிக் காட்டுவாரு. அவரு கை காட்டுத தெசையில ஒன் வீட்டு ஹால் இருந்தா, அவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டு ஊருக்கு வண்டி ஏறு.

இப்ப ஆடிதானே ஆகுது. ஐப்பசி, கார்த்திகை வரட்டும். ரெண்டு நாள் விடாம மழைன்னு செய்தியில சொன்ன அன்னிக்குப் பொதிகை ரயில்ல ஏறு. புஸ்தகத்துக்குப் போட்டோ புடிச்சவன் நின்ன அதே எடத்துல நின்னு பாரு. கொடைய மறந்துராத. டோக்கன் பணத்த மட்டும் இங்கன ஆச்சிட்ட குடுத்துட்டுப் போ.