புதிதாகக் குடிவந்த ஆமையின் உண்ணாநோன்பு: ஓர் ஆய்வு

1. சிக்கல்

வந்த ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு கீரையைத் திரும்பியும் பார்க்காமல் கிடக்கிறது. வளர்ப்பவர் எதிரே குந்தியிருந்து கெஞ்சுகிறார். இதற்குக் கோபம், பிறந்தகத்து ஏக்கம், பரிமாறியதில் குறை என மூன்று கொள்கைகள் வழக்கில் உள்ளன. மூன்றையும் இக்கட்டுரை மறுக்கிறது.

2. சான்று

1780 மார்ச்சில் இங்கிலாந்தின் இயற்கையியலாளர் கில்பர்ட் வைட், காலமான தம் அத்தை வளர்த்த திமோத்தி என்னும் ஆமையைக் குளிர்காலத் தூக்கத்திலேயே தோண்டியெடுத்து, குதிரை வண்டியில் 80 மைல் கடந்து தம் ஊரான செல்போர்னுக்குக் கொண்டுவந்தார். அது புதுத் தோட்டத்தின் கோடிவரை இருமுறை நடந்து பார்த்தது. மாலையில் குளிரத் தொடங்கியதும் மண்ணைப் பறித்து உள்ளே போய்விட்டது. பின்னொரு நாள் ஒலிகுழல் வைத்துக் கூப்பிட்டும் சட்டைசெய்யவில்லை. அதே ஆமை, முப்பது ஆண்டுக்கு மேல் தனக்குத் தீனி போட்ட அத்தையைக் கண்டால் மட்டும் தத்தித் தத்தி ஓடிவருமாம். முப்பது ஆண்டு போட்டால் மதிப்பு உண்டு. முதல் வாரத்திலேயே எதிர்பார்ப்பது பேராசை. திமோத்தி பெண் என்பதே அது செத்த பிறகுதான் தெரிந்தது. ஆமை எந்தத் தகவலையும் தானாக முன்வந்து தருவதில்லை.

3. காரணம்

ஆமைக்கு உடற்சூடு வெளியிலிருந்து வரவேண்டும். மத்தியதரைக்கடல் பகுதி ஆமைக்கு விளக்கடியில் 30 முதல் 35 டிகிரி செல்சியஸ் தேவை. மறுகோடி குளிர்ந்திருக்க வேண்டும். சூடேறாத வயிறு செரிக்காது, செரிக்காத வயிற்றுக்குப் பசியும் இல்லை. ஓடு உறுதிப்பட வெயிலோ புறஊதா விளக்கோ வேண்டும். கண்ணாடித் தொட்டியில் வெளியே தெரிவதால் சுவரை ஓயாமல் பிறாண்டும். அடிப்பக்கம் அட்டை ஒட்டினால் அடங்கும். ஒளிந்துகொள்ளக் கொஞ்சம் மண்ணும் கவிழ்த்த பாதிச் சட்டியும் போதும். தாடை முங்காத வெதுவெதுப்பான நீரில் சற்றுநேரம் விட்டால் தானே குடிக்கும். தீனியில் திமோத்திக்குப் பிடித்தவை லெட்டூஸ், டேன்டிலையன் போன்ற பால் கசியும் இலைகள்.

4. முடிவு

விளக்கைப் போடுக, இலையை வைக்க, கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுக. எடை இறங்கினாலோ மூக்கொழுகினாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுக.

5. எச்சரிக்கை

இந்த முடிவைச் சோதித்துப் பார்க்க ஆசைப்படும் தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு வார்த்தை. நம் ஊர் நட்சத்திர ஆமை, 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளது. அதிர்ஷ்டம் வரும் என்று வீட்டில் வைத்தால் வருவது வனத்துறை. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். இந்த இனத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வீட்டுக்குத்தான் வரும்.