இறுதியாட்ட உபாசகர்

சித்திரை பிறந்து, கத்திரி வெயில் தொடங்கி, பண்ருட்டிப் பலாப்பழங்கள் மஞ்சக்குப்பத்துச் சாலையோரங்களில் குன்று குன்றாகக் குவிந்து, அவற்றின் வாசனை ஒரு தெரு முன்னதாகவே வந்து ஆளை அழைக்கும் காலத்தில், கடலூர்க் கிருகஸ்தர்கள் சிலருடைய முகத்தில் மட்டும் விரதமிருப்பவரின் வாட்டமும் வழக்காடுபவரின் கவலையும் ஒருங்கே குடியேறுவதைப் பல வருஷங்களாகக் கவனித்து வந்திருக்கிறேன். வெயிலின் கொடுமை என்று முதலில் எண்ணினேன். பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள் போலும் என்று பிறகு ஊகித்தேன். இரண்டும் இல்லை. ஐ.பி.எல். பந்தயத்தில் பிளே-ஆஃப் நெருங்குகிறது, அவ்வளவுதான்.

இந்த வர்க்கத்தாரில் உத்தமமானவர் ஒருவர் என் அடுத்த வீட்டில் வசிக்கிறார். முப்பது வருஷம் சர்க்கார் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். ஒரு பைசா இடறினாலும் அன்றிரவு உறங்காதவர். அவரை ரசிகர் என்று சொல்லிவிட்டால் கோபம் வந்துவிடும். ரசிகனாவது பார்த்து மகிழ்கிறவன்; இவரோ ஆட்டத்தைப் பார்ப்பதில்லை, நடத்துகிறார். சேப்பாக்கத்திலும் ஆமதாபாத்திலும் மஞ்சள் சட்டை போட்ட பதினொரு பேர் ஓடியாடுவது வெறும் நிமித்த மாத்திரமே என்றும், காரியம் முழுவதும் தம் வீட்டுக் கூடத்தில், வலக்கை ஒடிந்த ஒரு பிரம்பு நாற்காலியின்மேல் நிர்ணயமாகிறதென்றும் அவர் பூரணமாக நம்புகிறார்.

அந்த நாற்காலிக்கு ஒரு ஸ்தல புராணம் உண்டு. 2016, 2017 என்று இரண்டு வருஷம் சென்னை அணி தடைபட்டு வனவாசம் போய்த் திரும்பிய பிறகு, 2018 மே 27ஆம் தேதி மும்பை வான்கடே மைதானத்தில் ஹைதராபாத்தோடு இறுதியாட்டம் நடந்தபோது, நம்மவர் இடக்காலை மடித்து அதன்மேல் அமர்ந்திருந்தார். வாட்சன் முதல் பத்துப் பந்துகளுக்கு ஓட்டமே எடுக்காமல் தடவித் தடவி, பின்னர் திடீரென்று அடிக்கத் தொடங்கிய சமயத்தில், மடித்த கால் மரத்துப்போக ஆரம்பித்தது. காலை நீட்டினால் விக்கெட் போகும் என்பது தெரிந்த பின்னும் நீட்டுகிற பாதகன் எவன்? வாட்சன் 117 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். நம்மவரால்தான் நிற்க முடியவில்லை. கோப்பையைத் தோனி ஏந்திய அதே நேரத்தில் இவரை மகனும் மருமகளும் ஆளுக்கொரு பக்கமாக ஏந்திக்கொண்டிருந்தார்கள்.

மறு வருஷத்துக் கதையை அவர் வாயால் கேட்பதற்கு மனோதைரியம் வேண்டும். 2019 மே 12, ஹைதராபாத், எதிரே மும்பை, வெற்றிக்குத் தேவை 150. முழங்காலில் ரத்தம் கசியக் கசிய வாட்சன் 80 எடுத்து, கடைசி ஓவரில் ரன் அவுட்டாகி, மலிங்காவின் கடைசிப் பந்துக்கு இரண்டு ஓட்டம் தேவையென்றிருந்தபோது ஷர்துல் தாக்கூர் எல்.பி.டபிள்யூ. ஆகி, ஒரே ஓட்டத்தில் சென்னை தோற்றது. உலகம் இதற்கு மலிங்காவைக் காரணம் காட்டும். உண்மைக் காரணம் பதினெட்டாவது ஓவரில் நம்மவர் தின்ற ஒரு பலாச்சுளை. விரலில் ஒட்டிய பிசினைத் துடைக்க எண்ணெய்க் கிண்ணத்தை நாடி எழுந்தாராம், நாற்காலி காலியாயிற்றாம். அன்றிலிருந்து மே மாதம் முழுவதும் அந்த வீட்டுக்குள் பலாப்பழம் நுழைவதில்லை. பண்ருட்டி பக்கத்திலேயே இருந்துகொண்டு இப்படியொரு பிரதிக்ஞை எடுப்பதற்குப் பீஷ்மரும் யோசித்திருப்பார்.

பந்து விழுகிற இடத்தில் ஒரு சீமையின் தலைவிதி தொங்கும் என்பது கடலூர் மண்ணுக்குப் புதிதுமன்று. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த எல்லைவரையுள்ள ஊர்களெல்லாம் தமக்கென்று பேசிக்கொண்டார்கள். குண்டு கிராமங்கள் என்ற பெயர் அதனால் வந்தது. எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்தால் ஆறு என்ற சட்டத்தை இந்த ஊர் எவ்வளவோ முன்னமேயே அனுபவித்துத் தீர்த்திருக்கிறது என்று நம்மவர் சொல்வார். அந்தச் சமயத்தில் மட்டும் அவர் முகத்தில் தேசாபிமானம் கலந்த ஒரு மந்தஹாசம் தவழும்.

இவருடைய மனைவியின் தம்பி சிதம்பரத்தில், மேலவீதியில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். 2021இல் விஜயதசமியன்று துபாயில் நடந்த இறுதியாட்டத்தை அவர் வீட்டில் பார்க்க நேர்ந்து, கொல்கத்தாவைச் சென்னை 27 ஓட்டங்களில் வென்றுவிட்டபடியால், அது முதல் குவாலிஃபயர் ஆட்டம் என்றால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகப் பஸ்ஸில் சிதம்பர யாத்திரை என்று ஏற்பட்டுவிட்டது. சிதம்பரத்து ரசிகர் வேறு சம்பிரதாயத்தைச் சேர்ந்தவர். கடலூரார் கர்ம மார்க்கம் என்றால் மைத்துனர் ஞான மார்க்கம். இட்டிலியைக் கொத்சுவில் தோய்த்தபடியே தத்துவ விசாரம் செய்வார்.

"மாமா, ஃபைனல்னு உலகத்துல முதல்ல நடந்ததே நம்ம தில்லையிலதான். சாமியும் அம்மாளும் ஆடினாங்க, ரெண்டு பேரும் சரிசமம். சாமி சடக்குனு காலை மேல தூக்கிட்டாரு. அம்மா வெட்கப்பட்டு நின்னுட்டா. ரிவ்யூ கேட்க வழி இருந்துதா? ஊர் எல்லையில போய் உட்கார்ந்தவதான், இன்னும் கோபம் தீரலை."

"அதுக்கு இப்ப என்ன மச்சான்?"

"தோத்தவங்களுக்கும் தனிக் கோயில் கட்டின ஊரு மாமா இது. நீங்க ஏன் ஒரு ரன்னுக்கு அஞ்சு வருஷமா அழறீங்க?"

தோனி ஓய்வு பெறுவாரா என்ற விஷயத்திலும் மைத்துனரின் அபிப்பிராயம் ஸ்தலத்துக்கு ஏற்றதே. 2020இல், இதுதான் உங்கள் கடைசி ஆட்டமா என்று டாஸ் போடுமிடத்தில் கேட்டதற்கு, நிச்சயமாக இல்லை என்று சொல்லிவிட்டுப் போனவர் அவர். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் லட்சோபலட்சம் ஜனங்கள் திரை விலகும் திரை விலகும் என்று காத்திருக்கிறார்கள். திரைக்குப் பின்னே ஆகாசமும் பொன் வில்வ மாலையும்தான் இருக்கும், அதைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு அதுவே போதும் என்பார் மைத்துனர். சிதம்பர ரகசியத்தை இதைவிடச் சுருக்கமாக எனக்கு யாரும் விளக்கியதில்லை.

2023ஆம் வருஷத்து இறுதியாட்டத்துக்கு வருகிறேன். மே 28ஆம் தேதி ஆமதாபாத்தில் மழை பெய்து ஒரு பந்துகூட வீசப்படாமல், மறுநாளுக்கு ஒத்திவைத்தார்கள். மறுநாள் குஜராத் அணிக்காகச் சாய் சுதர்சன், சென்னையில் வளர்ந்த பிள்ளை, 47 பந்தில் 96 விளாசியபோது, நம்மவர் நெஞ்சில் எழுந்த தர்மசங்கடம் குருக்ஷேத்திரத்துக்கு உரியது. "நம்ம பிள்ளை நல்லா இருக்கட்டும், ஆயிரம் அடிக்கட்டும், இன்னிக்கு மட்டும் வேணாம்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மறுபடியும் மழை. நள்ளிரவு தாண்டி ஆட்டம் தொடங்கியபோது, 15 ஓவரில் 171 எடுக்க வேண்டுமென்று கணக்கு மாறியிருந்தது. தோனி இறங்குகிற நேரம் பார்த்து, தண்ணீர் குடிக்கப் போயிருந்த நம்மவர் அவசரமாகத் திரும்பிவந்து நாற்காலியில் அமர்ந்தார். முதல் பந்திலேயே தோனி அவுட்.

அதுவரையில் கிரிக்கெட்டைப் பற்றி ஓர் அபிப்பிராயமும் சொல்லியறியாத அவருடைய தர்மபத்தினி அப்போது வாய் திறந்தாள். "என்னங்க, நீங்க வந்து உட்கார்ந்தாதான் அவுட்டாவுது. கொஞ்ச நேரம் வெளியில போய் நில்லுங்க."

சாஸ்திரம் அவருடையது, பிரமாணம் அவருடையது, அதைக்கொண்டே அடித்தால் மறுப்பது எப்படி? எழுந்து போய் வாசல் வேப்பமரத்தடியில் நின்றார். அவர் வீட்டில் கேபிள் தொலைக்காட்சி. எதிர் மாடியில் கைபேசியில் பார்க்கிறார்கள். கைபேசிக்கு ஒவ்வொரு பந்தும் சில விநாடி தாமதித்துத்தான் போய்ச் சேரும். கடைசி இரண்டு பந்தில் பத்து ஓட்டம் தேவையென்பதை ஜன்னல் வழியாகக் கேட்டறிந்தார். பிறகு தம் வீட்டுக்குள்ளிருந்து ஓர் அலறல். துக்கத்துக்கும் சந்தோஷத்துக்கும் மனிதன் ஒரே கூச்சலைத்தான் வைத்திருக்கிறான் என்பதை அந்த இருட்டில் அவர் கண்டறிந்தார். எதிர் மாடியைப் பார்த்தபடி நிற்கிறார். அங்கே இன்னும் மௌனம். பிறகு அங்கேயும் அதே அலறல். ஜடேஜா அடித்த சிக்ஸர் அது. இரண்டாவது அலறலும் இவ்விதமே இரண்டு தவணையாக வந்து, பேத்தி ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்ட பிறகுதான், பந்து எல்லைக்கோட்டைத் தொட்டதும் ஐந்தாவது கோப்பை வந்ததும் அவருக்குத் தெரிந்தன. அப்போது மணி ஏறக்குறைய ஒன்றரை.

அந்த இரண்டு பந்துகளையும் பிற்பாடு நூறு தடவை பார்த்திருக்கிறார். ஆனால் பிறந்த குழந்தையைப் போட்டோவில் பார்த்த தகப்பனுடைய குறை அவருக்கு உண்டு. போதாக்குறைக்கு, குடும்பத்தார் தீர்மானமே நிறைவேற்றிவிட்டார்கள்: இனி எந்த ஆட்டமானாலும் கடைசி ஓவருக்கு அவர் வெளியே.

இடையில் ஒரு புரட்டாசியில் மகளைப் பார்க்க மெல்போர்ன் போய்வந்தார். அங்கே ஆஸ்திரேலியக் கால்பந்துக்கு இறுதியாட்டக் காலம். முட்டை வடிவப் பந்தை, நாம் கிரிக்கெட் ஆடும் அதே எம்.சி.ஜி. மைதானத்தில் உதைக்கிறார்கள், இறுதியாட்டத்துக்கு ஒரு லட்சம் பேர் கூடுகிறார்கள், முந்தின வெள்ளிக்கிழமை சர்க்கார் விடுமுறை. இந்த விடுமுறைச் செய்தியைச் சொல்லும்போது நம்மவர் குரல் தழுதழுக்கும். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு கிழவர், கழுத்தில் சிவப்பும் வெள்ளையும் கறுப்புமான கம்பளித் துண்டுடன், செயிண்ட் கில்டா பக்தராம். அந்த அணி வாங்கியது ஒரே கோப்பை, 1966இல், ஒரே புள்ளியில். 2010இல் இறுதியாட்டம் 68க்கு 68 என்று சமனாகி, மறுவாரம் திரும்ப ஆடித் தோற்றது. "அஞ்சு கோப்பை வாங்கிட்டு நான் அவர் எதிர்ல உட்காரவே கூசிச்சு சார்" என்றார் என்னிடம். கூச்சம் ஊர் திரும்பியதும் தெளிந்துவிட்டது.

2024 மே 18 விசித்திரமானது. பெங்களூர் 218 எடுத்தது. அதை எட்டாமல் தோற்றாலும், 201 எடுத்தால் நெட் ரன் ரேட் கணக்கில் சென்னை தேறிவிடும். கணக்கரான நம்மவர் மின்சாரக் கட்டணச் சீட்டின் பின்புறத்தில் மூன்று தசம ஸ்தானம்வரை போட்டுப் பார்த்து, ஜெயிக்க வேண்டாம், ஒழுங்காகத் தோற்றால் போதுமென்று சுவாமியிடம் மனுச் செய்தார். 191இல் நின்றது. பத்து ஓட்டம் கணக்கில் உதைத்தது. அன்று அவர் உறங்கவில்லை.

அதற்கடுத்த வருஷம் சென்னை பத்தாவதாக, அதாவது கடைசியாக, வந்து சேர்ந்தது. 2025 ஜூன் 3ஆம் தேதி பெங்களூரும் பஞ்சாபும் மோதிய இறுதியாட்டம் இவர்களுக்கு அயலார் வீட்டுக் கல்யாணம். மைத்துனர் சிதம்பரத்திலிருந்து வந்திருந்தார், நானும் போயிருந்தேன். வீட்டில் ஒருவருக்கும் பதற்றமில்லை. தைரியமாகப் பலாச்சுளை அரிந்து தட்டில் வைத்திருந்தார்கள். பதினெட்டு வருஷம் காத்திருந்து முதல் கோப்பைக்கு அருகே வந்துவிட்ட கோலி கண்ணீரோடு நிற்கிறார். கடைசி ஓவர் தொடங்குகிறது. நம்மவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"எங்க மாமா போறீங்க? நம்ம டீமே இல்லையே?"

"இருக்கட்டும் மச்சான். பழக்கம் விட்டுப்போச்சுன்னா அடுத்த வருஷம் யாரு பொறுப்பு?" என்று சொல்லிவிட்டு வேப்பமரத்தடிக்குப் போய், எதிர் மாடியை அண்ணாந்து பார்த்தபடி நின்றுகொண்டார்.