பலுகுப் பள்ளிக்கூடம்

வா மருமகனே, உக்காரு. கட்டில் நுனியில உக்காராத, கயிறு தொங்கிக் கெடக்கு. உங்க அத்தை மோர் கொண்டாருவா. மகனை பெங்களூர்ல ஹாரோ பள்ளிக்கூடத்துல சேக்கப்போறியாமே? நேத்து உங்கம்மா வந்து சொல்லும்போது அவ கழுத்து ஒரு சாண் நீண்டுருச்சு. சீமையில இருக்கிற ஒரிஜினல் பள்ளிக்கூடத்தோட கிளையாம், 2023-ல திறந்தாகளாம். நல்ல காரியம்தான்.

நான் நாலாங்கிளாஸ், எனக்கென்ன தெரியும்? மத்தியானம் லைப்ரரியில ஃபேன் காத்துக்காக உக்காருறவன். காத்து வாங்கப் போன இடத்துல கண்ணு சும்மா இருக்குமா, நாலு எழுத்து உள்ள போயிருச்சு. அதைத்தான் சொல்றேன், கேட்டுட்டுப் போ.

இங்கிலீஷ்ல ஹாரோன்னா பலுகு. உழுத கட்டியை உடைக்க மாட்டுக்குப் பின்னால கட்டி இழுப்போமே, அதேதான். ஆனா ஊர்ப்பேரு அதுல இருந்து வரலையாம். ஏசுசாமி அந்தத் திசைக்கு வர்றதுக்கு முன்னாடி அந்தக் குன்று மேல ஏதோ பழைய சாமி கோயில் இருந்திருக்கு, அந்த வார்த்தைதான் மருவி ஹாரோ ஆச்சுன்னு படிச்சவுக சொல்றாக. சொல்லட்டும். எனக்குப் பலுகுதான் பிடிச்சிருக்கு. ஏன்னா அதை ஆரம்பிச்ச ஆளு ஒரு சம்சாரி.

ஜான் லயன்னு பேரு. லண்டனுக்கு வடமேக்க, ஹாரோவுக்குப் பக்கத்துல ப்ரெஸ்டன்னு ஒரு ஊர்ல நிலபுலனோட வாழ்ந்தவரு. பிரபுவும் இல்ல, சமீன்தாரும் இல்ல. சொத்து ஆள வாரிசு நிக்கலை. 1572-ல எலிசபெத் ராணிகிட்ட சாசனம் வாங்குனாரு. எதுக்கு? ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்க. கூடவே லண்டனுக்குப் போற சாலையைச் செப்பனிடவும் தனியா நிலம் எழுதிவச்சாரு. அந்தச் சாலை நிலத்து மேல பின்னால லண்டனே வந்து வீடு கட்டிக்கிட்டது. அந்த வருமானம் இப்ப சாலைக்குப் போகல, 1991-ல இருந்து லண்டன் பிள்ளைகளோட நல்லது கெட்டதுக்குப் போகுது. சம்சாரி போட்ட விதை, எந்த மூலையில முளைக்கும்னு அவனுக்கே தெரியாது.

1592-ல அவரு போய்ச் சேந்தாரு. பொண்டாட்டி இருக்கிற வரைக்கும் சொத்து அவ கையில, அதுக்குப் பிறகுதான் கட்டடம். 1615-லதான் பள்ளிக்கூடம் எழும்புனது. ஆனா மனுசன் சாகிறதுக்கு முந்தின வருசமே சட்டதிட்டம் எழுதிவச்சுட்டாரு. இப்ப உன்கிட்ட டேப்லெட் வாங்கு, நீச்சல் டவுசர் வாங்குன்னு பட்டியல் கொடுப்பான்ல? அந்தக் காலத்துலயும் கொடுத்திருக்கான். பேனா, மை, காகிதம், குளிர்காலத்துக்கு மெழுகுவத்தி, அப்புறம் ஒரு வில்லு, மூணு அம்பு. சிரிக்காத, நெசம். வில்வித்தைப் போட்டி வச்சு வெள்ளி அம்பு பரிசு கொடுப்பாக, 1771 வரைக்கும் நடந்திருக்கு. வில்லெடுத்தவன் பாடு போச்சு, இன்னைக்கும் பள்ளிக்கூடச் சின்னத்துல அம்பு மட்டும் குறுக்க மறுக்க கெடக்கு.

இனிமேத்தான் நீ காதைத் தீட்டிக்கணும். அந்தச் சட்டத்துல லயன் ஒரு வரி எழுதிட்டாரு: உள்ளூர்ப் பிள்ளைக்கு இலவசம், ஆனா வாத்தியாரு வெளியூர்ப் பிள்ளையையும் காசு வாங்கிட்டுச் சேத்துக்கலாம். வாத்தியாரும் பிழைக்கணுமேன்னு நல்ல மனசோடதான் எழுதியிருப்பாரு. வெளியூர்க்காரன் வந்தான். கோச்சு வண்டியில வந்தான், வேலைக்காரனோட வந்தான். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டுன கதைதான். ஊர்க்காரவுக பொறுத்துப் பொறுத்துப் பாத்து, எங்க பிள்ளைகளுக்கு எழுதிவச்ச பள்ளிக்கூடம்யா இதுன்னு வழக்குப் போட்டாக. 1810-ல தீர்ப்பு. யாரு ஜெயிச்சா? பள்ளிக்கூடம்தான். 1876-ல ஊர்ப் பிள்ளைகளுக்குன்னு பக்கத்துல வேற ஒரு பள்ளிக்கூடம் வச்சுக் கணக்கைச் சரிபண்ணிட்டாக. இப்ப குன்று மேல இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்துல எண்ணூறுக்கு மேல பையன்க, அம்புட்டு பேரும் விடுதியில. வருசத்துக்கு 50,000 பவுண்டுக்கு மேல கட்டணம். நம்ம காசுக்கு அரைக்கோடி தாண்டிரும். அந்தக் கட்டணத்தை ஜான் லயன்கிட்டக் கேட்டிருந்தா, அவரு நிலத்தை வித்துத்தான் கட்டியிருக்கணும்.

அந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சவன் ஆந்தனி ட்ரோலோப்புன்னு ஒரு பய. அப்பன் வக்கீல் தொழில்ல தோத்து, ஹாரோவுலயே குத்தகைக்கு நிலம் பிடிச்சு அதுலயும் தோத்தவன். விடுதிக்குக் காசில்ல. தெனமும் சேத்துல நடந்துதான் பள்ளிக்கூடம் போவான். ஒருநாள் தெருவுல தலைமை வாத்தியாரு அவனை நிறுத்தி, இவ்வளவு அழுக்கான ஒருத்தன் நம்ம பள்ளிக்கூடத்துப் பையனா இருக்க முடியுமான்னு கேட்டாராம். வயசான பிறகு தன் கதையை எழுதும்போதும் அந்தாளுக்கு அது மறக்கல. கரிசல் சேறு கால்ல ஒட்டினா வண்டிச் சக்கரம் கணக்கா ஆகிப்போகும்னு உனக்குத் தெரியும்ல? அதே சேறுதான், சீமைச் சேறு. பின்னால அவன் தபால் இலாகாவுல வேலை பாத்து, தெருவுல நிறுத்துற தபால் பெட்டியை ஜெர்சி தீவுக்குக் கொண்டுபோய், நாவலா எழுதிக் குவிச்சான். அவனைப் பாத்து மூக்கைப் பொத்துன பயக பேரு யாருக்காவது தெரியுமா?

அங்க ஒரு பழைய அறை இருக்கு. பேரு என்ன தெரியுமா? நாலாம் வகுப்பு அறை! நாம படிச்ச படிப்பு வீண்போகல. சுவரு பூரா மரப்பலகை, பலகை பூரா பையன்க கத்தியால செதுக்குன பேரு. பின்னால பெரியாளான பைரன், ஷெரிடன், பீல் எல்லாரு பேரும் இருக்கு. நாங்க பெஞ்சுல பேரு செதுக்குனப்ப வாத்தியாரு முட்டியில போட்டாரு. அங்க டிக்கெட் போட்டுக் காட்டுவாக போல. ஒருதரம் தலைமை வாத்தியாரு மேல கோபம் வந்து, பையன்க அந்த அறையைக் கொளுத்தப் பாத்தாகளாம். பைரன்தான், உங்கப்பன் தாத்தன் பேரெல்லாம் இதுல இருக்குடா, பாத்துக்கோன்னு சொல்லித் தடுத்ததா ஒரு கதை.

அந்த பைரன் பெரிய கவி, காலு ஒண்ணு ஊனம். 1805-ல ஈட்டன் பள்ளிக்கூடத்தோட கிரிக்கெட் ஆடுனான். அவனுக்குப் பதிலா ஓட வேற ஆளு. சிநேகிதனுக்குக் கடுதாசி எழுதும்போது 11 ரன்னும் 7 ரன்னும் அடிச்சேன்னு எழுதிட்டான். ஸ்கோர் நோட்டுல 7-ம் 2-ம்தான் இருக்கு. கவிஞன் கணக்கு, விடு.

உனக்குப் பிடிச்ச பழைய மாணவர் பட்டியலுக்கு வாரேன். இங்கிலாந்துக்கு ஏழு பிரதமர். அதுல பாதிக்கு மேல பிரபு வீட்டுப் பிள்ளை, மந்திரி வீட்டுப் பிள்ளை; அந்த ஏழுல ஒருத்தரான பீலோட அப்பனுக்குப் பஞ்சாலை. மரம் ஏறி மாங்கா பறிச்சான்னு மெச்சுறோம், அவுக பிறந்ததே மரத்து மேலதான். சர்ச்சில் 1888-ல சேரும்போது லத்தீன் பரீட்சையில ரெண்டு மணி நேரத்துல ஒத்தை எண்ணைப் போட்டு, அதைச் சுத்தி அடைப்புக்குறி போட்டு, கூட ஒரு மைத்தீத்தலும் போட்டு வச்சதா அவரே எழுதியிருக்காரு. அப்படியும் சேத்துக்கிட்டாக. தாத்தா பிரபு, அப்பா நிதிமந்திரியா இருந்தவரு! உம்மகன் அப்படி எழுதிட்டு வந்தா சேப்பாகளான்னு கேட்டுப் பாரு.

எட்டாவது பிரதமர் நம்மாளு, நேரு. 1905-ல சேந்து 1907 வரைக்கும் படிச்சாரு. ஜோ-ன்னு கூப்பிடுவாகளாம். ஏரோப்ளேன் சேதி படிச்சுட்டு, இனிமே சனி ஞாயிறுக்கு இந்தியாவுக்குப் பறந்து வந்துட்டுப் போயிரலாம்னு அப்பாவுக்கு எழுதியிருக்காரு. 1942-ல அவரை அகமதுநகர் கோட்டையில அடைச்சாக. அப்ப இங்கிலாந்துல பிரதமர் யாரு? அதே பள்ளிக்கூடத்துச் சர்ச்சில். வாரிசில்லாத சமஸ்தானத்தை எல்லாம் வாயில போட்ட டல்ஹௌசியும் அங்க படிச்சவருதான். நம்ம தஞ்சாவூர் சமஸ்தானமும் 1855-ல அவரு காலத்துலதான் போச்சு. வாரிசில்லாத சொத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தான் ஒருத்தன். அந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சவன் வாரிசில்லாத சொத்தைத் தேடித் தேடி எடுத்தான். பாத்தியா கூத்தை?

ஒருத்தரை மட்டும் நான் கிண்டல் பண்ண மாட்டேன். ஷாஃப்ட்ஸ்பரி பிரபு. பையனா இருக்கும்போது அந்தக் குன்றுத் தெருவுல ஒரு அநாதைப் பிணம் போச்சு. தூக்கினவன் பூரா குடிகாரன். பாட்டுப் பாடிக்கிட்டே வந்து பெட்டியைக் கீழ போட்டு, ஒருத்தனை ஒருத்தன் வஞ்சிக்கிட்டான். அதைப் பாத்துட்டுத்தான் ஏழைகளுக்காக நிக்கணும்னு முடிவெடுத்தாராம். பின்னால ஆலையில சின்னப் பிள்ளைக வேலை நேரத்தைக் குறைக்க வருசக்கணக்கா பார்லிமெண்டுல மல்லுக்கு நின்னாரு. அவரு படிச்ச பாடம் வகுப்புல நடக்கல, தெருவுல நடந்தது. அந்த இடத்துல பலகை வச்சிருக்காக.

சேக்காதன்னு நான் சொல்லல மருமகனே. காசு உன்னுது, பய உம்பய. தொப்பி வாங்குனா எனக்கும் ஒண்ணு வாங்கு, சீமையில அங்க பையன்க வைக்கோல் தொப்பிதான் போடுவாகளாம். வைக்கோல் நம்ம படப்புலயே இருக்கு, வேணும்னா அனுப்புறேன். ஆனா ஒண்ணு செய். சேர்க்கை ஃபாரத்துல தாத்தா தொழில் என்னன்னு ஒரு கட்டம் இருந்தா, 'பிசினஸ்'னு எழுதாத. விவசாயம்னு போடு. பள்ளிக்கூடத்தை ஆரம்பிச்ச ஆளுக்கும் அதுதான் தொழில்.