அப்பா சொன்ன சொட்டு

எங்கள் ஊர் கோயமுத்தூர். ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937லேயே உள்நாட்டு மின்மோட்டார் செய்து காட்டிய ஊர். இங்கே தெருவுக்கு நான்கு பேர் லேத்து வைத்திருப்பார்கள். மற்றவர்களுக்குப் பவுண்டரியில் மாமனோ மச்சானோ இருப்பான். ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்று யோசிக்கிற ஒரே ஆள் அநேகமாக நான்தான். 26 வருடமாக வங்கியில் கூட்டல் கழித்தல் பார்க்கிறவன். பம்பு மட்டும் என்ன, கீழ்த் தொட்டியில் கழித்து மேல் தொட்டியில் கூட்டுகிறது, அவ்வளவுதானே என்கிற தைரியம் எனக்கு எப்போதும் உண்டு.

ஒரு மார்கழிக் காலையில் மனைவி கூப்பிட்டாள். "ஏனுங்க, மோட்டாருக்கு அடியில ஈரமா இருக்குதுங்க."

குனிந்து பார்த்தேன். பம்பும் மோட்டாரும் சேருகிற இடத்திலிருந்து நிதானமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. உடனே எனக்கு அப்பா ஞாபகம். எங்கள் தோட்டத்துக் கிணற்று மோட்டாரும் இப்படித்தான் சொட்டும். தண்டைச் சுற்றிக் கிளாண்டுக் கயிறு திணித்த அந்தக் காலத்துப் பம்பு அது. பள்ளிக்கூட லீவில் அதை இறுக்கப் போன என்னை அப்பா அதட்டினார்: "விடுறா! சொட்டுனாத்தான் தண்டு சூடேறாம ஓடும். இறுக்குனா கயிறு கருகிப் போயிரும்."

எனக்குத் தெரிந்த இயந்திர ஞானம் மொத்தமும் இவ்வளவுதான். நாற்பது வருடம் வட்டியில்லாமல் கிடந்ததைச் செலவழிக்க அன்றைக்கு வாய்ப்பு வந்தது. "சொட்டத்தான் செய்யும். சொட்டுனாத்தான் மோட்டாருக்கு ஆயுசு" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்தேன். என் வீட்டு மோட்டாரில் கிளாண்டுக் கயிறே கிடையாது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மகள் மட்டும் போனை வைத்துக்கொண்டு மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினாள். "நொடிக்கு ஒரு சொட்டுப்பா. ஒரு நாளைக்கு 86,400. இருபது சொட்டு ஒரு மில்லின்னு வெச்சா நாலு லிட்டருக்கு மேல போகுது."

"அரைக் குடம்கூட இல்லையே" என்றேன்.

"சிறுவாணித் தண்ணிங்க அது" என்றாள் மனைவி. எங்கள் ஊரில் இதற்கு மேல் ஒரு குற்றச்சாட்டு இல்லை. பாலைக் கொட்டினால்கூட மன்னிப்பார்கள்.

பத்து நாளில் மோட்டார் உறுமியது, தண்ணீர் ஏறவில்லை. மாடிக்குப் போகும் குழாயில் நிற்க வேண்டிய தண்ணீரெல்லாம் ராத்திரியில் வடிந்து, வடிந்த வழியாகவே காற்று உள்ளே போய்விடுகிறதாம். தினமும் விடிகாலையில் பம்பின் மூடியைக் கழற்றிச் சொம்பு சொம்பாக ஊற்றி அதற்குத் தாகம் தீர்த்த பிறகுதான் எனக்குக் காபி. நடுவில் குழாய் இணைப்புகளுக்கெல்லாம் டெஃப்லான் டேப் சுற்றினேன். ஒழுகியது குழாய் அல்ல என்பதால் டேப்புக்கு ஒரு குறையும் வரவில்லை.

கடைசியில் ஹார்டுவேர் கடைக்குப் போய் நின்றேன். "மெக்கானிக்கல் சீல் போயிருக்குமுங்க. தண்டு எத்தன எம்எம்?" என்றார் கடைக்காரர். "அரை ஹெச்.பி.ங்க" என்றேன். செருப்புக் கடையில் கால் அளவு கேட்டால் உடம்பு எடையைச் சொன்ன மாதிரி. பழைய சீலைக் கழற்றிக்கொண்டு மறுபடி வரச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வேலைதான். சீல் என்பது இரண்டு துண்டு. ரப்பர் விளிம்புள்ள வெள்ளைப் பீங்கான் வளையம் ஒன்று. ஸ்பிரிங்கோடு கூடிய கறுப்புக் கார்பன் வளையம் மற்றொன்று. வெள்ளை அசையாமல் இருக்கும், கறுப்பு தண்டோடு சுற்றும், இரண்டின் வழவழப்பான முகங்களும் ஒட்டி உரசித் தண்ணீரை மறிக்கும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், பீங்கானின் ஒரு பக்கம் கண்ணாடியாக மின்னியது என்பதுதான். பட்டுப்புடவையின் ஜரிகைப் பக்கத்தை உள்ளே வைத்து மடிப்பதில்லையா? கீறல் விழாதிருக்க அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி வைத்தேன். கைராசிக்குக் கொஞ்சம் கிரீஸும் தடவினேன்.

சுவிட்சைப் போட்டதும் சொட்டு நின்றது. சொட்டு இருந்த இடத்தில் பீச்சி அடித்தது.

மெக்கானிக்குக்கு இருபத்தைந்து வயதிருக்கும். புதுச் சீலைக் கழற்றிப் பார்த்து, சிரிப்பை அடக்கப் பாவம் ரொம்பச் சிரமப்பட்டார். சுத்தமான துணியால் முகங்களைத் துடைத்து, பீங்கானைச் சரியாகத் திருப்பி, ஒரு துண்டு பி.வி.சி. குழாயை மேலே வைத்து அழுத்தினார். இருபது நிமிடம், 400 ரூபாய். போகிற நேரத்தில் பழைய சீலை வெளிச்சத்தில் பிடித்தார். பீங்கானில் கறுத்த கோடாக ஒரு விரிசல்.

"தண்ணியில்லாம ஓடுச்சுங்களா சார்?"

"இல்லியே. வோல்டேஜா இருக்கும்" என்றேன்.

"தீபாவளிக்கு மொத நாள் மத்தியானமுங்க தம்பி" என்றாள் மனைவி பின்னாலிருந்து. "தொட்டி காலி. போட்டுட்டுத் தூங்கிட்டாரு. ஒரு மணி நேரம் கழிச்சு நாந்தான் வந்து நிறுத்துனேன்."

இரண்டு மாதமாக அவளுக்குத் தெரியக்கூடாது என்று நான் காத்துவந்த ரகசியம் அது. வேறு வழியில்லாமல் அப்பாவை இழுத்தேன். கிணற்று மோட்டார், கயிறு, சொட்டு, ஆயுசு எல்லாவற்றையும் மெக்கானிக்கிடம் ஒப்பித்தேன்.

"ஐயா சொன்னது நெசந்தானுங்க சார்" என்றார் அவர் பையைக் கட்டிக்கொண்டே. "கிளாண்டுப் பம்புன்னா சொட்டோணும். இது சீல் பம்புங்க."

நான் வெற்றியோடு மனைவி பக்கம் திரும்பினேன்.

"மாமா சொன்னது சரிதானுங்க" என்றாள். "கேட்ட காதுதான் ஒழுகுது."