போனவரா, வந்தவரா?

கேள்வி: என் மகள் பாரிஸிலேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டாள். இதைக் குடிபெயர்தல் என்பதா, குடியேறுதல் என்பதா, புலம்பெயர்தல் என்பதா?
– ஒரு வாசகி, கருவடிக்குப்பம், புதுச்சேரி

பதில்: வாசலில் நின்று கையசைத்த உங்களுக்கு அவள் குடிபெயர்ந்தவள். பாரிஸில் கதவு திறந்துவிட்டவர்களுக்குக் குடியேறியவள். ஒரே பெண்தான், பார்க்கிற திண்ணைதான் வேறு.

'புலம்பெயர்' பட்டினப்பாலையிலேயே இருக்கும் சொல். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு ஈழத்தமிழர் வாழ்வில் அது மிகவும் கனத்துவிட்டது. உயிருக்கு அஞ்சி ஓடியவர்களின் வலி அதில் இருக்கிறது. வேலைக்காகவோ கல்யாணத்துக்காகவோ போனவர்களுக்கு அதைச் சட்டென்று எடுத்துக் கொடுக்க எனக்கு மனம் வராது.

உங்கள் ஊருக்கு இன்னொரு சொல்லும் வேண்டும், அது தமிழில் இல்லை. 1962 ஆகஸ்ட் 16 அன்று, முன்பு பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையே தொடர வேண்டுமென்றால் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றது இணைப்பு ஒப்பந்தம். எழுதிக் கொடுத்தவர் வீடு மாறவில்லை, தெரு மாறவில்லை, அதே கிணற்றுத் தண்ணீர்தான். ஆனால் அன்றிலிருந்து சொந்தத் திண்ணையிலேயே வெளிநாட்டுக்காரர்! பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி எழுதிக் கொடுக்காததால் இந்தியர். கால் பெயராமல் நாடு பெயர்ந்த இவர்களை என்னவென்று அழைப்பது?

உங்கள் மகளுக்கு வருவோம். அவள் அடுத்த முறை வந்து திரும்பும்போது அவள் பெட்டியைப் பாருங்கள். நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலை மூன்று உறை போட்டுக் கட்டி, புடவைக்கு நடுவில் வைத்திருப்பாள். அந்தப் பாட்டில் இருக்கும்வரை அவள் பாதிதான் பெயர்ந்திருக்கிறாள்.