மூன்றாவது சீட்டு

எங்கள் குடவாசலில் சீட்டால் கெட்டவர்கள் மூன்று வகை. ஏலச்சீட்டு பிடித்து ராத்திரியோடு ராத்திரியாக ஊரை விட்டுப் போனவர்கள் ஒரு வகை. ஆற்றங்கரை மரத்தடியில் துண்டை விரித்து ரம்மி ஆடி, துண்டு மட்டும் மிச்சமாக வீடு திரும்பியவர்கள் இன்னொரு வகை. இவர்களைப் பெண்டாட்டி திட்டலாம், போலீஸ் பிடிக்கலாம். மூன்றாவது வகையை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அவர் சைக்கிள் சீட்டால் கெட்டவர்.

ஊருக்கு ஒருவராவது இருப்பார். எங்கள் தெருக்காரரை 'சீட்டு சித்தப்பா' என்றால்தான் தபால்காரருக்கே தெரியும். வேளாங்கண்ணிக்குச் சைக்கிளிலேயே வருவதாக மாதாவுக்கு ஒரு வேண்டுதல். மகனுக்கு வேலை கிடைக்க வேண்டிக்கொண்டது. வேலை கிடைத்து, கல்யாணம் ஆகி, பேரன் பள்ளிக்கூடம் போகிறான். சித்தப்பா இன்னும் போய்ச் சேரவில்லை.

"ரோடு குண்டும் குழியுமா கிடந்தாலும் ஓட்டிடலாம் தம்பி. சீட்டு அமையலையே!"

பெண் அமையவில்லை என்று சொல்கிற அதே குரல்.

சைக்கிள் கடை பெஞ்சுதான் அவருடைய ஆபீஸ். பஞ்சர் ஒட்ட வருகிறவன் டியூபைக் கழற்றுவதற்குள் பாடம் தொடங்கிவிடும். மனுஷன் சைக்கிளில் உட்காருவது சதையால் இல்லை, இடுப்புக்கடியில் இருக்கும் இரண்டு எலும்பு முனையால். அந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று தெரியாமல் சீட்டு வாங்குவது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவது மாதிரி. பெரும்பாலானவர்களுக்கு 10 முதல் 14 சென்டிமீட்டர். அதற்கு மேல் இரண்டு விரல் அகலம் கூட்டிக்கொள்ள வேண்டும். நிமிர்ந்து ஓட்டுகிறவருக்கு இன்னும் அகலம். குனிந்து ஓட்டுகிறவருக்குக் குறுகல் போதும்.

இவ்வளவும் உண்மைதான். அளந்த விதத்தில்தான் பெயர் கெட்டது. கெட்டியான அட்டையில் உட்கார்ந்து எழுந்தால் பள்ளம் விழும், அளந்துகொள்ளலாம். சித்தப்பாவுக்கு அட்டை மேல் நம்பிக்கை இல்லை. அண்டை வெட்டிப் பூசிய வரப்பில் போய் உட்கார்ந்தார். காவிரி வண்டல் பொய் சொல்லாதாம். எழுந்து, பள்ளத்துக்குப் பள்ளம் நூல் பிடித்தார். வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள். அந்தப் பக்கம் அவர் மூன்று மாதம் போகவில்லை.

மெத்தை சீட்டு என்றால் அவருக்கு ஆகாது. "கடையில அமுக்கிப் பார்த்தா சொகுசா இருக்கும். ஏறி உட்காரு, எலும்பு உள்ள அமுங்கிடும், மெத்தை நடுவுல பிதுங்கும். பத்து கிலோமீட்டர்ல நரம்பு மரத்து, கீழ ஒண்ணு இருக்கா இல்லையான்னே தெரியாது." பஞ்சர்காரர் இந்த இடத்தில் மட்டும் தலையை நிமிர்த்திச் சிரிப்பார்.

தோல் சீட்டுதான் அவருக்கு மோட்சம். 1866இல் இங்கிலாந்தில் தொடங்கிய புரூக்ஸ் கம்பெனி கதையைத் தன் பங்காளி கதை மாதிரி சொல்வார். குதிரையில் போய்வந்த புரூக்ஸுக்குக் குதிரை செத்துப்போனதாம். சைக்கிள் இரவல் வாங்கினாராம், சீட்டு குத்தியதாம், தானே செய்தாராம். அப்படியொரு தோல் சீட்டைச் சிங்கப்பூர் மச்சான் ஒருவழியாக அனுப்பிவைத்தார். ஓட்ட ஓட்டத்தான் அந்தத் தோல் ஆளுக்குத் தக்கபடி பள்ளம் விழுந்து பழகும். சித்தப்பா ஓட்டவில்லை, எண்ணெய் தடவினார். விளக்கெண்ணெய், தேங்காயெண்ணெய், ஒரு வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி வாசலிலேயே நனைந்து, தோல் தொட்டிலாகத் தொங்கியது. மிச்சத்தைத் தெருநாய் பார்த்துக்கொண்டது.

அவரால் யாருக்கும் பிரயோசனமே இல்லை என்றால் பாவம். பதினொன்றாம் வகுப்புக்கு அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் ஒரு பெண் முழங்கால் வலி என்று நொண்டிக்கொண்டு வந்தாள். காலை ஊன்றத் தோதாக இருக்கட்டும் என்று சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கியிருந்தார்கள் வீட்டில். சித்தப்பா ஸ்பானரை வாங்கினார். பெடல் அடியில் வரும்போது குதிகாலை வைத்தால் கால் நீள வேண்டும் என்று ஏற்றினார். மூக்கு வானத்தைப் பார்த்திருந்ததை மட்டமாக்கினார். அடுத்த வாரம் அவள் பஸ்ஸை முந்திக்கொண்டு போனாள்.

ஒருநாள் வாய் சும்மா இல்லாமல் கேட்டேன். "சித்தப்பா, 90களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பொம்பளைங்க சைக்கிள் கத்துக்கிட்டாங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்காம, பார் வச்ச ஜென்ட்ஸ் சைக்கிள். முன் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம்னு அதுவே தேவலைன்னாங்களாம். அவங்க சீட்டைப் பத்திக் கேட்டதா தெரியலையே?"

"அவங்க சீட்டு என்ன உயரத்துல இருந்துச்சு, அதைச் சொல்லு."

பால்காரரிடமும் கேட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கேன் தொங்க, விடிவதற்குள் நாலு ஊர் சுற்றுகிறவர். ரெக்ஸின் கிழிந்த சீட்டில் பழைய டியூபைச் சுற்றி, மேலே சாக்குத்துண்டு. சீட்டு சௌகரியமா என்றேன். இறங்கித் திரும்பிப் பார்த்தார். "இதையா கேக்குறீங்க?" என்றார்.

போன ஆவணியில் சித்தப்பா கிளம்பியேவிட்டார். வேளாங்கண்ணியில் கொடியேறிய வாரம். ஏழாவது சீட்டு, அடியில் ஸ்பிரிங், நடுவில் பள்ளம். ஸ்பிரிட் லெவல் வைத்து மட்டம் பார்த்து, கோணேசர் கோயில் வாசலில் சூடம் ஏற்றினார். பல வருஷமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மட்டுமே போன மனிதர் மிதித்துப் போவதைப் பார்க்கத் தெருவே வந்திருந்தது.

மதியம் திருவாரூரிலிருந்து வந்த பஸ்ஸில் நானும் இருந்தேன். சித்தப்பா அந்த ஊர்க் கமலாலயக் குளக்கரை வரைக்கும் போயிருக்கிறார். சைக்கிளை அங்கே தெரிந்தவர் வீட்டில் விட்டாயிற்று. சீட்டை மட்டும் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மேல்கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். பஸ்ஸில் பாதி காலி.

கண்டக்டர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். "அய்யா, சீட்டுதான் இருக்குல்ல, உட்காருங்களேன்."

"இருக்கட்டும் தம்பி," என்றார் சித்தப்பா. குடவாசல் வரைக்கும் உட்காரவில்லை.